விரிசலைப் பூசி மறைத்தால் போதுமா?
நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டைப் பழுது பார்ப்பது பற்றி ஓர் உரை

(கூட்டமைப்பின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று காலையிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். மிச்சமிருக்கும் நேரத்தில் நம் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பற்றியும், நம்மைச் சுற்றி இருக்கும் நாலு சுவரைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். நிலநடுக்கத்தில் அடிபட்ட வீட்டை எப்படிப் பழுது பார்ப்பது, பொறியாளர்கள் அதற்கு என்ன வழி சொல்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

“நிலநடுக்கமா? அதெல்லாம் வடக்கே வர்றது. நமக்கு எதுக்குங்க?” என்று உங்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் வலுவான நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்குள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சென்னை வரைக்கும் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். 2002-இல் வெளியான இந்தியத் தர வரைபடம் சென்னையையும் கோவையையும் நடுத்தர ஆபத்துள்ள 3-ஆம் மண்டலத்தில் வைத்தது.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் நடுவில் நின்று இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் கற்றுக்கொண்டது நமக்கும் உதவும்.

லாத்தூரும் கட்ச்சும்

1993 செப்டம்பர் 30. மகாராஷ்டிராவின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். கணபதி ஊர்வலம் முடிந்து, பிள்ளையாரை நீரில் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். அதிகாலை 4 மணி ஆவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் பூமி ஆடியது. கில்லாரியும் சுற்றியிருந்த கிராமங்களும் தரைமட்டம் ஆயின. ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள்.

2001 ஜனவரி 26. குஜராத்தின் கட்ச் மாவட்டம். குடியரசு தினக் காலை, மணி 8.46. அஞ்சார் நகரத்தில் குறுகலான தெரு வழியாக ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரண்டு பக்கத்து வீடுகளும் சரிந்தன. குஜராத் முழுவதும் 13,800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது.

ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். கட்ச் நிலநடுக்கத்தின் அளவு 7.7. லாத்தூரில் வந்ததோ 6.2 தான். உலகத்தில் இதைவிடப் பெரிய நிலநடுக்கங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. அப்புறம் ஏன் லாத்தூரில் இத்தனை உயிர்கள் போயின? பூமி ஆடியதால் மட்டும் யாரும் சாகவில்லை. சுவர் விழுந்து, கூரை விழுந்துதான் செத்தார்கள்.

அந்த ஊர் வீடுகளின் சுவர் இரண்டு அடிக்கும் மேல் தடிமன். பார்ப்பதற்குக் கோட்டை மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒரு வரிசைக் கல், வெளியே ஒரு வரிசைக் கல், நடுவில் மண்ணும் பொடிக்கல்லும் போட்டு நிரப்பியது. இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கல் கிடையாது. சாந்தும் வெறும் மண்தான். மேலே வெயிலுக்காகக் கட்டை பரப்பி, ஓர் அடிக்கும் மேல் மண் போட்ட கூரை. ஆட்டம் வந்ததும் சுவரின் இரண்டு முகமும் தனித்தனியாகப் பிரிந்து, வயிறு தள்ளி, சரிந்துவிட்டன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கல்லும் மண்ணும் கொட்டியது.

நாம விறகு கட்டும்போது என்ன செய்வோம்? மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு போட்டால்தான் தலையில் தூக்கி நடக்க முடியும். கட்டாமல் தூக்கினால் நாலடி நடப்பதற்குள் சிதறிவிடும். சுவரும் அப்படித்தான். பொறியாளர்கள் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தக் கட்டைப் பற்றித்தான். சுவரோடு சுவர், சுவரோடு கூரை, கல்லோடு கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி கட்ச்சிலேயே இருக்கிறது. அங்கே பன்னி பகுதியில் வட்ட வடிவமாகச் சுவர் வைத்து, மேலே லேசான கூம்புக் கூரை போட்ட ‘பூங்கா’ என்ற குடிசைகள் உண்டு. கான்கிரீட் மாடிகள் விழுந்த அந்த நிலநடுக்கத்தில், நன்றாகக் கட்டிய பூங்காக்கள் பல நின்றன. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது, கூரையிலும் பாரம் இல்லை. ஏழை வீடு என்பதால் பலவீனமான வீடு என்று அர்த்தம் இல்லைங்க.

மூன்று வேலைகள், மூன்று பலன்கள்

வீட்டை ‘ரிப்பேர்’ செய்வது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பொறியாளர்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

முதலாவது, மேல்பழுது. உதிர்ந்த பூச்சைத் திரும்பப் பூசுவது, கதவு ஜன்னலைச் சரிசெய்வது, ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது. வீடு பார்க்க நன்றாக ஆகும். பலம் கூடாது.

இரண்டாவது, பழைய பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது. விரிசலுக்குள் சிமென்ட் பாலை ஏற்றுவது, இடிந்த பகுதியைத் திரும்பக் கட்டுவது. நிலநடுக்கத்துக்கு முந்தின நாள் வீடு எப்படி இருந்ததோ அந்தப் பலம் வரும்.

மூன்றாவது, பலப்படுத்துவது. முன்பு இல்லாத பிடிப்பைப் புதிதாகக் கொடுப்பது. அடுத்த ஆட்டத்தைத் தாங்கும் சக்தி இதில்தான் வருகிறது.

இதில் என்ன ஆபத்து? பெரும்பாலும் பணம் முதல் வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது. விரிசல் மேல் பூச்சு, அதன் மேல் பெயின்ட். வெளியிலிருந்து பார்த்தால் புது வீடு. உள்ளே சுவர் இன்னும் இரண்டு துண்டுதான். அந்த வீட்டில் பிள்ளைகளைத் தைரியமாகப் படுக்க வைப்போம். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தவரை பயம் இருந்தது. மறைந்ததும் பயமும் போய்விடுகிறது, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

ரூர்க்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆனந்த் ஸ்வரூப் ஆர்யா போன்ற அறிஞர்கள் இதைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். பொறியாளர் இல்லாமல் ஊர்க் கொத்தனாரே கட்டுகிற வீடுகளுக்காக 1986-இல் உலக அளவில் ஒரு வழிகாட்டி வெளியானது. அதைத் தயாரித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அடிபட்ட கட்டடங்களைப் பழுது பார்ப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-இல் ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டு, 2009-இல் திருத்தியது. அதன் எண் 13935. கட்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தனி வழிகாட்டி போட்டது. கீழே நாங்கள் சொல்லும் முறைகள் இவற்றில் உள்ளவையே.

பொறியாளர்கள் சொல்லும் முறை

ஒன்று: அவசரமாக உள்ளே போகாதீர்கள். பெரிய ஆட்டத்துக்குப் பிறகு சின்ன ஆட்டங்கள் நாட்கணக்கில் வரும். அடிபட்ட சுவர் அதில் விழலாம். முதலில் வெளியே நின்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின் இணைப்பையும் கேஸ் சிலிண்டரையும் மூடிய பிறகுதான் மற்ற வேலை.

இரண்டு: முதல் வேலை முட்டுக் கொடுப்பது. எந்தச் சுவரைத் தொடுவதற்கு முன்னாலும் கூரையின் பாரத்தைக் கட்டைகள் வைத்துத் தாங்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் வயிறு தள்ளிய சுவரைப் பிரிப்பது உயிருக்கே ஆபத்து. கொத்தனாரும் சித்தாளும் அடியில் நிற்கிறார்கள். சித்தாள் என்றால் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்தானே.

மூன்று: விரிசலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பூச்சில் மட்டும் மயிரிழை போல் இருந்தால் பயமில்லை. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, பெருக்கல் குறி மாதிரி இருந்தாலோ சுவர் அடிபட்டிருக்கிறது. இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தால் சுவர்களின் பிடிப்பு விட்டுப்போனது. கல் சுவர் வயிறு தள்ளியிருந்தால் உள்ளே இரண்டு முகமும் பிரிந்துவிட்டது. இந்தக் கடைசி மூன்றும் இருந்தால் பொறியாளர் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

நான்கு: சிறிய, நடுத்தர விரிசல், அதாவது 5 மில்லிமீட்டர் அகலம் வரை உள்ளது. அதன் மேல் பூசினால் உள்ளே எதுவும் போகாது. விரிசல் நெடுக சாண் அளவு இடைவெளியில் சின்னக் குழாய் முனைகளைப் பதிக்க வேண்டும். தூசியை ஊதி எடுத்து, வெளியே சிமென்ட் கலவையால் அடைத்து, அது இறுகியதும் உள்ளே தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். பிறகு சிமென்டும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாலைக் கீழ்க் குழாயிலிருந்து அழுத்தத்தோடு ஏற்ற வேண்டும். அடுத்த குழாயில் பால் எட்டிப் பார்த்ததும் கீழே அடைத்துவிட்டு மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்று பாதி வெற்றிடமாகவே இருக்கும்.

ஐந்து: அதைவிட அகலமான விரிசல். இரண்டு பக்கமும் பூச்சை உரித்து, விரிசலைக் கலவையால் நிரப்பி, அதன் மேல் கம்பி வலையை ஆணி அடித்துப் பிடித்து, 1-க்கு 3 சிமென்ட் கலவையால் பூச வேண்டும். வலை விரிசலைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருக்க வேண்டும். கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போடும்போது கிழிசல் அளவுக்கே துணி வைப்போமா? சுற்றிலும் சேர்த்துத்தானே வைப்போம்!

ஆறு: கல் சுவர். ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சுவரில் துளை போட்டு, கொக்கி வளைத்த கம்பியை இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை வைத்து, கான்கிரீட் நிரப்ப வேண்டும். விட்டுப்போன நீளக் கல்லின் வேலையை இது செய்யும். கல்லை எடுக்கும்போது சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது. சின்னக் கடப்பாரையால் மெதுவாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

ஏழு: வீட்டுக்கு ஒரு அரைஞாண் கட்டுங்கள். ஜன்னல் கதவுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும், கூரைக்குக் கீழேயும் வீட்டைச் சுற்றி ஒரு பட்டை வர வேண்டும். கம்பி வலையைச் சுவரில் ஆணியால் இறுக்கி, இரண்டு தடவையாகச் சிமென்ட் கலவை பூசுவார்கள். மூலைகளில் மேலிருந்து கீழாகவும் கம்பி வரும். முக்கியமானது, இந்தப் பட்டை நடுவில் எங்கேயும் விட்டுப்போகக் கூடாது. முன்பக்கம் மட்டும் போட்டு நிறுத்தினால் அது அரைஞாண் ஆகாது, அலங்காரம்தான்.

எட்டு: கூரையின் பாரத்தைக் குறையுங்கள். தேவையில்லாத மண்ணை இறக்க வேண்டும். கட்டைகளை ஒன்றோடொன்றும் சுவரோடும் பிணைக்க வேண்டும். சும்மா சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் உத்தரம் ஆட்டத்தில் நழுவி விழும். முக்கோணச் சுவரும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் எளிதாக விழுபவை. அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

இத்தனையும் செய்தால் வீட்டில் விரிசலே வராதா என்று கேட்கலாம். வரலாம். வீடு உடனே சரியாமல், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதே நோக்கம். குஜராத்தில் கிராம மக்கள் முன்னாலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஆடும் மேடை மேல் இரண்டு சிறிய வீடுகள். ஒன்று வழக்கமான முறையில் கட்டியது, இன்னொன்று பலப்படுத்தியது. மேடையை ஆட்ட ஆட்ட, முதல் வீடு நொறுங்கியது. இரண்டாவது விரிசலோடு நின்றது. பத்துக் கூட்டம் போட்டுச் சொன்னாலும் புரியாதது அந்தச் சில நிமிடத்தில் புரிந்துபோனது.

பெண்கள் என்ன செய்தார்கள்?

லாத்தூர் பகுதியில் முழுவதும் அழிந்த கிராமங்களைத் தவிர, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அடிபட்டு நின்றன. அவற்றைப் பழுது பார்த்துப் பலப்படுத்த உலக வங்கிக் கடனுடன் அரசு ஒரு திட்டம் போட்டது. பணம் வந்தது, பொறியாளர்களும் வந்தார்கள். ஆனால் பொறியாளர் சொன்னது வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. கொத்தனாருக்கோ பழைய பழக்கம் விடவில்லை.

அப்போது ‘ஸ்வயம் ஷிக்ஷண் பிரயோக்’ என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில், கிராமங்களில் மகளிர் மன்றப் பெண்கள் ‘சம்வாத் சகாயக்’ என்ற பொறுப்பை ஏற்றார்கள். பேச்சுக்குத் துணை நிற்பவர் என்று பொருள். அரசாணையை வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். கம்பி எங்கே வர வேண்டும், கலவை எப்படி இருக்க வேண்டும் என்று பயிற்சி எடுத்து, வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தார்கள். “உனக்கு என்னம்மா தெரியும்?” என்று கேட்ட மேஸ்திரிகளுக்கு வேலை தெரிந்தவர்களாகப் பதில் சொன்னார்கள். பின்னாளில் இந்தக் குழுக்களே நம்மைப் போலச் சேமிப்பு, கடன் குழுக்களாக வளர்ந்தன. 2001-இல் அந்தப் பெண்கள் குஜராத் போய் அங்குள்ள பெண்களுக்குத் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் தமிழகக் கடற்கரைப் பெண்களோடும் இந்த உறவு தொடர்ந்தது.

லாத்தூரில் இன்னொரு பாடமும் கிடைத்தது. கல்லைக் கண்டாலே ஜனங்களுக்கு நடுக்கம் வந்துவிட்டது. அதனால் பல குடும்பங்கள் கிடைத்த உதவித் தொகையில் பழைய வீட்டைப் பலப்படுத்தவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அறையைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிணங்களைத் தோண்டி எடுத்த கைகள் அவை. ஆனால் குடும்பம் பெரிது, அறை சிறிது. பழைய கல் வீடும் அப்படியே புழக்கத்தில் இருந்தது. பயம் கல்லின் மேல் வந்தது. தப்பு கல்லின் மேல் இல்லை, கல்லை அடுக்கிய விதத்தில் இருந்தது. வீட்டில் ஒரு மூலை பத்திரமாக இருந்து, மற்ற மூலையில் மாமியாரோ பிள்ளையோ படுத்திருந்தால் அந்தப் பத்திரம் யாருக்கு?

குஜராத்தில் நடந்த ஒரு நல்ல ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். சேதத்தைத் தரம் பிரித்து, உதவித் தொகையைத் தவணையாகக் கொடுத்தார்கள். ஒரு கட்ட வேலையைப் பொறியாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த தவணை. வீட்டுக்காரர்களே கட்டினார்கள், பழுது பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி நடந்தது. கட்ச்சில் சில கிராமங்களுக்கு ஒன்று என்று ‘சேது’ மையங்கள் அமைத்து, தகவலை மக்களிடமும் மக்கள் குறையை அதிகாரிகளிடமும் கொண்டுபோனார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பழுது பார்க்கப்பட்டது இப்படித்தான்.

நம் குழுவில் நாம் செய்யக்கூடியது

இதை நம் குழுவுக்குக் கொண்டுவருவோம். வீடு பழுது பார்க்க உள்கடன் கேட்டு மனு வருகிறது. தொகை எவ்வளவு, எத்தனை தவணை என்று மட்டும்தான் கேட்கிறோம். இனிமேல் கூடவே இந்த மூன்று கேள்விகளையும் கேட்போம்.

1. இது மேல்பழுதா, பழைய பலத்தைக் கொண்டுவருவதா, பலப்படுத்துவதா?

2. சுவரில் சாய்வு விரிசல், மூலைப் பிளவு, வயிறு தள்ளல் உண்டா? உண்டென்றால் ஒன்றியப் பொறியாளரோ, பக்கத்துப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியரோ வந்து பார்த்தார்களா?

3. வேலை நடக்கும்போது குழுவிலிருந்து யார் போய்ப் பார்ப்பார்கள்? கடனை இரண்டு தவணையாகக் கொடுத்து, முதல் கட்ட வேலையைப் பார்த்த பிறகு இரண்டாவதைக் கொடுக்கலாமா?

கொத்தனாரிடம் மரியாதையாகப் பேசுங்கள். “அண்ணே, இந்த விரிசல் சுவத்துக்குள்ள போகுதா, பூச்சோட நிக்குதா? கொஞ்சம் கொத்திக் காட்டுங்க” என்று கேட்டால் நல்ல கொத்தனார் கோபப்பட மாட்டார். கலவையைத் தரையில் மண்ணோடு கலக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கலந்த சிமென்ட் கலவையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பத் தண்ணீர் விட்டு இளக்கிப் பூச விடாதீர்கள். கம்பி வலை சுவரோடு இறுகி இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். பூசி முடித்த பிறகு குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தத் தண்ணீர் நம் தலையில்தான் வரும். அந்த வேலையும் கட்டட வேலையில் சேர்ந்ததுதான். அதைப் பகிர்ந்துகொள்ள வீட்டு ஆண்களையும் கூப்பிடுங்கள்.

பழைய வீட்டில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நடுச் சுவரை உடைத்து வாசல் வைப்பதோ, பழைய சுவர் மேல் இன்னொரு மாடி ஏற்றுவதோ பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம். கட்ச்சிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அகமதாபாத்தில்கூடப் பல அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த் தளத்தில் சுவர் இல்லாமல் வண்டி நிறுத்துவதற்காகத் தூண்கள் மேல் நின்றவை.

சகோதரிகளே, வீட்டில் அதிக நேரம் இருப்பது நாமும் குழந்தைகளும் வயதானவர்களும்தான். வீட்டைப் பற்றிய முடிவில் நம் குரல் கடைசியாக இருக்கலாமா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீடுகளின் சுவர்களை ஒரு முறை சுற்றிப் பார்த்து, எங்கே என்ன விரிசல் என்று தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றியப் பொறியாளரை நம் கூட்டத்துக்கே அழைத்துப் பேசுவோம். ஒருத்தியாகப் போய்க் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். கூட்டமைப்பாகக் கேட்டால் நாற்காலி போட்டுப் பதில் சொல்வார்கள்.